திருச்சிக்கு மலிவு டிக்கெட் வந்த கதை

விராலிமலையிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 30 கி.மீ. மலிவுக் கட்டணத்துக்குப் பேர்போன மலேசியத் தனியார் நிறுவனம் ஏர் ஏசியா, 2008 டிசம்பர் 1 அன்று இந்தியாவுக்கான தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, சென்னையையோ மும்பையையோ தேடிப் போகவில்லை, திருச்சிக்குத்தான் வந்தது. இந்தப் பக்கத்து ஜனங்கள் மலேசியாவுக்கு நிறையப் போகிறார்கள், அதனால் வந்தது என்பார்கள். அது பாதிக் காரணம்தான். போகிற ஜனம் அதற்கு முன்பும் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்தத் தடத்தில் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு ஏழைகளின் அந்த வழியும் அடைபட்டது. மீதிக் காரணம் டெல்லியில் எடுத்த ஒரு முடிவு. ஆசியான் நாடுகளின் விமானங்கள் 18 சுற்றுலா நகரங்களுக்குத் தடையில்லாமல் வந்துபோகலாம் என்று 2003-ல் இந்தியா அறிவித்தது. அந்த 18-ல் திருச்சியும் ஒன்று. கதவு திறந்திருந்தது, விமானம் வந்தது.

டிக்கெட் விலையைக் குறைப்பதில் மாயம் எதுவும் இல்லை. 2001-ல் டோனி பெர்னாண்டஸ் கடனில் மூழ்கியிருந்த ஏர் ஏசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கியபோது அதனிடம் இருந்தவை இரண்டு விமானங்கள். அவர் கையாண்டது உலகமெங்கும் மலிவு நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கு. ஏர்பஸ் 320-ல் சொகுசு வகுப்பை எடுத்துவிட்டால் 180 பேரை உட்காரவைக்கலாம். அதே எரிபொருள் செலவை அதிகம் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். விமானம் பறந்தால்தான் வருமானம், நின்றால் நட்டம். அதனால் இறங்கிய அரை மணிக்குள் மறுபடி கிளம்பப் பார்ப்பார்கள். பயணிகள் படியிறங்கும்போதே ஒரு பக்கம் எரிபொருள் ஏறும், பெட்டிகள் இறங்கும். பணிப்பெண்களே குப்பையை அள்ளி, பெல்ட்டுகளை மடித்துப் போடுவார்கள். சாப்பாட்டுக்கும் பெட்டிக்கும் தனிக் காசு. ஊறுகாய் பாட்டிலையும் முறுக்கு டப்பாவையும் வீட்டிலேயே தராசில் தொங்கவிட்டு, கைப்பைக்கு ஏழு கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது. பெட்டிக்கும் சோற்றுக்கும் காசு கொடுத்த பிறகு என்ன மலிவு என்று கேட்பது நியாயமே. ஆனால் பெட்டியில்லாமல் போகிறவன் அடுத்தவனின் பெட்டிக்கும் சேர்த்துக் காசு கட்டிய காலம் போனது என்பதையும் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய அச்சத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. 2014-ல் இந்தோனேசியா ஏர் ஏசியா விமானம் கடலில் விழுந்து 162 பேர் இறந்தார்கள். திரும்பத் திரும்ப வந்த ஒரு கோளாறு சரியாகத் தீர்க்கப்படாததையும், விமானிகள் அதைக் கையாண்ட விதத்தையும் விசாரணை சுட்டிக்காட்டியது. இதற்கு மருந்து கறாரான கண்காணிப்பு. அது கட்டணம் உயர்ந்த நிறுவனத்துக்கும் அதே அளவு தேவை.

இப்போது வளைகுடாவைப் பாருங்கள். ஷார்ஜாவின் ஏர் அரேபியா கோவைக்கு வருகிறது. திருச்சிக்கு வர முடியாது. அமீரகத்துடனான விமான ஒப்பந்தத்தில் திருச்சியின் பெயர் இல்லை. திருச்சியிலிருந்து துபாய்க்குக் கூலி வேலைக்குப் போகிறவருக்கு இந்திய நிறுவனங்களை விட்டால் நேரடி விமானம் கிடையாது. அயல்நாட்டு நிறுவனங்களைத் திறந்துவிட்டால் நம் நிறுவனங்கள் நசுங்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். திருச்சியின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. சிங்கப்பூர் தடத்தில் அந்நாட்டின் ஸ்கூட்டோடு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் இண்டிகோவும் போட்டிபோட்டுப் பறக்கின்றன. வளைகுடா நிறுவனங்கள் பயணிகளைத் துபாயில் இறக்கி, அங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விடும் என்ற கவலை டெல்லி, மும்பைக்குப் பொருந்தலாம். விராலிமலையிலிருந்து கிளம்பும் கொத்தனார் துபாயிலேயே இறங்கிவிடுகிறார்.

திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய புதிய விமான முனையம் 2024 ஜூனில் இயங்கத் தொடங்கிவிட்டது. குறைவது ஒப்பந்தத்தில் ஓர் ஊர்ப்பெயர். விராலிமலை சட்டமன்றத் தொகுதி கரூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. திருச்சி எம்.பி. பார்த்துக்கொள்வார் என்று விடாமல், கரூர் எம்.பி.யும் மக்களவையில் இதைக் கேட்க வேண்டும்.