இரண்டு நிமிஷ ஆகாய யாத்திரை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுக் கூட்டத்தில், வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு சிறு தீவுகளின் விமான நிலையங்களுக்கிடையே உள்ள தூரம் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டரே என்றும், எடின்பரோ விமான நிலையத்து ஓடுபாதையின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவே என்றும் கேட்கும் வாசகர், இதற்கும் ஒரு விமானமா என்று நகைப்பது சகஜம். ஆனால் நடுவே கிடப்பது கடலாயிற்றே! விமானிக்குப் பக்கத்து ஆசனத்திலும் பிரயாணி அமரக்கூடிய ஐலண்டர் என்ற சிறிய விமானத்தைக் கொண்டு, லோகனேர் கம்பெனியார் 1967 முதல் இம்மார்க்கத்தை நடத்தி வருகிறார்கள். அட்டவணையில் குறித்துள்ள நேரம் 2 நிமிஷம். காற்று அனுகூலமாயிருந்த ஒரு சமயம் 53 விநாடியிலேயே கடந்ததும் உண்டு. அட்டவணைப்படி கணக்கிட்டால் வேகம் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர், அதாவது ஒரு நல்ல பஸ்ஸின் வேகந்தான். ஏனெனில், நெடும் பிரயாணத்தில் அற்பமாய்த் தோன்றும் ஏற்றமும் இறக்கமுமே இங்கு பிரயாணம் முழுவதையும் விழுங்கிவிடுகின்றன.