கடல் கன்னியின் கோபமா?

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்றொரு நாடு. அதன் கடலோரத்தில் வாழும் பூர்வகுடிகள் மிஸ்கிட்டோ மக்கள். கடலுக்கடியில் லிவா மைரின் என்றொரு கன்னி இருக்கிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. தன் செல்வமான சிங்கி இறாலை அளவுக்கு மீறி அள்ளுகிறவனை அவள் தண்டித்து விடுவாளாம். நன்றாக மூழ்கிக் கொண்டிருந்த வாலிபன் திடீரென்று கால் விழுந்து கிடந்தால், அது கன்னியின் கோபம்!

வைத்தியர்கள் சொல்லும் காரணம் வேறு. சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குகிறதல்லவா? அழுத்தத்தில் அடங்கியிருந்த வாயு, அழுத்தம் நீங்கியதும் குமிழியாகக் கிளம்புகிறது. முதுகில் காற்றுக் கலத்துடன் நூறு அடி ஆழம் இறங்குகிறவன், மேலே இருப்பதைப் போல் நான்கு மடங்கு அழுத்தத்தில் சுவாசிக்கிறான். காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து சேருகிறது. நிதானமாக ஏறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக ஏறினாலோ, உடலுக்குள்ளேயே குமிழி கிளம்பும். அது முதுகுத்தண்டைத் தாக்கினால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இராது. சிலர் உயிரையே இழக்கிறார்கள்.

ஏன் இந்த அவசரம்? கூலி ராத்தல் கணக்கில். பிடித்தால்தான் காசு. ஒரே நாளில் பத்துக் கலங்களுக்கு மேல் காலி செய்தவர்கள் உண்டு. முறையான பயிற்சி கிடையாது. ஆழத்தைக் காட்டும் கருவியும் கிடையாது. நோய் கண்டவனை உடனே அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை செய்யவேண்டும். நடுக்கடலில் அதற்கு எங்கே போவது? பல நாள் பயணத்தைப் பாதியில் நிறுத்திக் கரை திரும்பப் படகுக்கு மனம் வருவதில்லை.

கடைசியில் விஷயம் கோர்ட்டு ஏறியது. 42 பேருக்காகத் தொடரப்பட்ட வழக்கில், அமெரிக்கக் கண்ட நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அவர்களில் 34 பேர் மூழ்கியதால் நோயுற்றவர்கள். அதில் 12 பேர் மாண்டு போனார்கள். 7 பேர் படகில் எரிவாயுக் கலம் வெடித்து இறந்தவர்கள். எஞ்சியவன் ஒரு சிறுவன். கடலில் தோணியில் விடப்பட்டவன் திரும்பவே இல்லை.

படகு முதலாளிகளைக் கண்காணிக்கும் கடமையில் தவறியதற்கு ஹோண்டுராஸ் சர்க்கார் பொறுப்பேற்றது. நஷ்டஈடும் வைத்திய வசதியும் தரவேண்டும் என்று முடிவாயிற்று.

கன்னியின் மீது பழியைப் போட்டால் கணக்குக் கேட்க ஆளில்லை. மூழ்குகிறவனுக்கு வேண்டியது நிதானமாக ஏறவும், கரையேறி ஓயவும் நேரம். அந்த நேரத்துக்கும் கூலி கிடைத்துவிட்டால், கன்னியின் கோபம் பாதி தணிந்துவிடும்!