திரும்பப் பெற்ற செல்பேசிகள் எங்கே போகின்றன?

பேட்டரி தீப்பிடிக்கிறது என்று கூறி ஒரு நிறுவனம் தனது செல்பேசிகளைத் திரும்பப் பெற்றால், மறுநாள் அது முதல் பக்கச் செய்தியாகிறது. எத்தனை லட்சம் செல்பேசிகள், எத்தனை கோடி இழப்பு, பங்குச் சந்தையில் எவ்வளவு சரிவு என்பதெல்லாம் அலசப்படுகின்றன. வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பி வந்த செல்பேசிகள் பிறகு என்ன ஆயின என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை. உலகின் மிகப்பெரிய செல்பேசிச் சந்தைகளுள் ஒன்றான இந்தியாவில், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார் என்பதும் சட்டத்தில் தெளிவாக இல்லை.

இக்கேள்வி உலக அளவில் ஒரே ஒரு முறைதான் உரக்க எழுப்பப்பட்டது. 2016 ஆகஸ்டில் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட்-7 என்ற ஸ்மார்ட்போனை அறிமுகம் செய்தது. தீப்பிடித்ததாகப் புகார்கள் குவிந்ததால், செப்டம்பர் 2-ம் தேதி விற்பனையை நிறுத்தி, 25 லட்சம் செல்பேசிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வேறொரு நிறுவனத்தின் பேட்டரி பொருத்தி மாற்றாகத் தரப்பட்டவையும் எரிந்தன. அக்டோபர் 11-ம் தேதி உற்பத்தியே கைவிடப்பட்டது. முதல் பேட்டரியில் உறைக்குள் போதிய இடமின்றி எதிர்மின்வாய்த் தகடு மூலையில் மடங்கியிருந்தது என்றும், இரண்டாவதில் பற்றவைப்பின்போது உண்டான உலோகப் பிசிறுகள் தகடுகளைப் பிரிக்கும் படலத்தைத் துளைத்தன என்றும் 2017 ஜனவரியில் சாம்சங் விளக்கம் அளித்தது.

இந்தியாவில் இந்தச் செல்பேசி விற்பனைக்கு வரவிருந்த நாளும் அதே செப்டம்பர் 2. அறிவிக்கப்பட்ட விலை ரூ. 59,900. ஒன்றுகூட விற்கப்படுவதற்கு முன்பே விற்பனை நின்றுபோனதால் இந்தியா தப்பியது. ஆயினும், வெளிநாடுகளில் வாங்கியவர்கள் விமானத்தில் கொண்டு வரக்கூடும் என்பதால், பயணத்தின்போது அதை இயக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது என சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் செப்டம்பர் 9-ம் தேதி அறிவுறுத்தியது. அதே மாதம் 23-ம் தேதி சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலுள்ள பெட்டியில் இருந்த ஒரு செல்பேசியிலிருந்து புகை வந்தது. அது நோட்-7 அல்ல, அதே வரிசையின் பழைய நோட்-2. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. சாம்சங் அதிகாரிகளை இயக்குநரகம் அழைத்து விளக்கம் கேட்டது.

திரும்பப் பெறுவதே பெரும் வேலையாக இருந்தது. பழுதான லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் அனுப்ப சர்வதேச விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே, தீத்தடுப்புப் பெட்டிகள் வாடிக்கையாளர்களின் வீடுகளுக்கு அனுப்பப்பட்டு, தரை வழியாகவே செல்பேசிகள் திரும்பின. கொடுக்க மறுத்தவர்களின் செல்பேசிகள், சார்ஜ் ஏறாதவாறு மென்பொருள் மூலம் முடக்கப்பட்டன. விற்கப்பட்ட சுமார் 30 லட்சத்தில் 96 சதவீதம் திரும்பிவிட்டதாக 2017 ஜனவரியில் நிறுவனம் தெரிவித்தது. விற்கப்படாதவற்றையும் சேர்த்தால் தயாரிக்கப்பட்டவை ஏறத்தாழ 43 லட்சம்.

இந்த 43 லட்சத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டது எந்த அரசும் அல்ல; கிரீன்பீஸ் அமைப்பு. அவற்றில் சுமார் 100 கிலோ தங்கம், ஒரு டன் வெள்ளி, 20 டன்னுக்கு மேல் கோபால்ட் இருப்பதாக ஜெர்மனியின் ஓகோ ஆய்வு நிறுவனம் கணித்திருந்தது. 2017 பிப்ரவரியில் பார்சிலோனாவில் சாம்சங் நடத்திய நிகழ்ச்சியின் நடுவே கிரீன்பீஸ் ஆர்வலர்கள் பதாகை பிடித்தனர். அடுத்த மாதமே சாம்சங் இறங்கி வந்தது. பேட்டரியை மாற்றி மீண்டும் விற்பது, கேமரா, சிப் போன்ற பாகங்களைக் கழற்றிப் பயன்படுத்துவது, எஞ்சியவற்றிலிருந்து உலோகங்களைப் பிரித்தெடுப்பது என மூன்று வழிகளை அறிவித்தது. 2017 ஜூலையில் தென்கொரியாவில், திறன் குறைந்த புதிய பேட்டரியுடன் 4 லட்சம் செல்பேசிகள் வேறு பெயரில் விற்பனைக்கு வந்தன. மற்றவற்றிலிருந்து தங்கம், வெள்ளி, கோபால்ட், தாமிரம் என 157 டன் உலோகம் மீட்கப்படும் என்றும் கூறப்பட்டது.

புதுப்பிக்கப்பட்ட நோட்-7 இந்தியாவில் விற்கப்படும் என்ற தகவல் 2017 பிப்ரவரியில் பரவியபோது, அது தவறு என்று சாம்சங் மறுத்தது. அந்தத் தகவலை நம்புவதற்குக் காரணம் இருந்தது. வெளிநாடுகளில் பயன்படுத்திய ஐபோன்களைப் புதுப்பித்து இங்கே விற்க ஆப்பிள் நிறுவனம் அனுமதி கேட்டு, மத்திய அரசு அதை நிராகரித்தது 2016-ல்தான். இந்தியா பிறர் கழித்த பொருள்களின் கிடங்காகிவிடும் என்ற அச்சம் தில்லியில் அப்போதே வலுவாக இருந்தது.

ஆனால், இந்தியாவை உண்மையில் உலுக்கிய சம்பவம் இதற்கும் 9 ஆண்டுகள் முந்தையது. 2007 ஆகஸ்ட் 14-ம் தேதி, பிஎல்-5சி என்ற பேட்டரி சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என நோக்கியா அறிவித்தது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த 4.6 கோடி பேட்டரிகளில் இந்தப் பழுது இருக்கலாம் எனக் கூறப்பட்டது. கிராமம்வரை பரவியிருந்த, டார்ச் விளக்கு கொண்ட நோக்கியா 1100-ல் இருந்ததும் இதே வகைப் பேட்டரிதான். செல்பேசி கையில் வெடித்துவிடும் என்ற பீதியில் சேவை மையங்களில் கூட்டம் அலைமோதியது. நோக்கியா இதைத் "திரும்பப் பெறுதல்" என்று சொல்லவில்லை, "அறிவுரை" என்றது. பேட்டரியின் பின்புறமுள்ள 26 இலக்கக் குறியீட்டைச் சரிபார்த்தவர்களுக்குப் புதிய பேட்டரி இலவசமாகக் கிடைத்தது.

இந்தியாவில் சேகரிக்கப்பட்ட பழைய பேட்டரிகளுக்கு என்ன கணக்கு? கணக்குக் கேட்பதற்கு அப்போது சட்டமே கிடையாது. 2001-ம் ஆண்டின் பேட்டரி விதிகள், வாகனங்களிலும் இன்வெர்ட்டர்களிலும் உள்ள ஈய அமில பேட்டரிகளுக்கு மட்டுமே பொருந்தின. மின்னணுக் கழிவு விதிகள் 2011-ல் வெளியிடப்பட்டு 2012 மே மாதம்தான் அமலுக்கு வந்தன.

இது வெறும் காகிதக் கவலை அல்ல என்பதற்கு, வடகிழக்கு தில்லியின் சீலம்பூரே சாட்சி. நாட்டின் மூலை முடுக்குகளில் காயலான் கடைக்காரர்கள் சேகரிக்கும் கணினிகளும் செல்பேசிகளும் இங்கே குவிகின்றன. குறுகிய சந்துகளில் வெறும் கைகளால் அவை பிரிக்கப்படுகின்றன. சர்க்யூட் பலகைகளைச் சூடேற்றிச் சிப்புகள் பெயர்க்கப்படுகின்றன. பல பலகைகள் உத்தரப் பிரதேசத்தின் முராதாபாதுக்குப் போய் எரிக்கப்படுகின்றன, அமிலத்தில் முக்கப்படுகின்றன. லித்தியம் பேட்டரியைச் சுத்தியலால் உடைத்தால், மிச்சமிருக்கும் மின்சாரமே தீயை மூட்டிவிடும். அதிலுள்ள உப்பு ஈரத்துடன் சேர்ந்தால், நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உருவாகும். நல்ல பேட்டரிக்கே இந்த நிலை என்றால், தீப்பிடிக்கும் என்று தயாரித்தவரே ஒப்புக்கொண்ட பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முறையான ஆலையில் முதலில் மின்சாரத்தை முழுவதும் வடித்து, தீப்பற்றாத சூழலில் அரைத்து, கிடைக்கும் கருந்தூளிலிருந்து கோபால்ட்டையும் லித்தியத்தையும் பிரிக்கிறார்கள்.

இன்று சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆகஸ்டில் வெளியாயின. புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. இவற்றின்படி உற்பத்தியாளர்களே மறுசுழற்சிக்குப் பொறுப்பு. இங்கேதான் சிக்கல். மின்னணுக் கழிவு இலக்கு, பொருளின் சராசரி ஆயுளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த ஆயுளுக்கு முந்தைய ஆண்டில் சந்தைக்கு வந்த அளவில் 60 சதவீதம் என்று தொடங்கிய இலக்கு, 2025-26-ல் 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் என உயர்கிறது. விற்ற சில வாரங்களிலேயே திரும்பி வரும் செல்பேசி இந்தக் கணக்கில் எங்கும் பொருந்தாது. அங்கீகாரம் பெற்ற ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்கி இலக்கை எட்டலாம் என்பதால், எடை சரியாக இருந்தால் போதும். எந்தச் செல்பேசி என்பது பொருட்டல்ல.

மறுபுறம், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிட அதன் 20-வது பிரிவு அதிகாரம் தருகிறது. 2022 ஆகஸ்டில், தரமற்ற 2,265 பிரஷர் குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தந்து, 45 நாள்களில் அறிக்கை அளிக்குமாறு அமேசானுக்கு ஆணையம் உத்தரவிட்டது. அமேசான் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. திரும்பப் பெறுதல், பணத்தைத் திருப்பித் தருதல், தவறான வணிக முறையை நிறுத்துதல் ஆகியவற்றையே 20-வது பிரிவு பேசுகிறது. திரும்பி வந்த பொருளின் கதி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நுகர்வோர் துறையின் வேலை பொருள் வாடிக்கையாளரின் கையை விட்டு அகன்றதும் முடிகிறது. சுற்றுச்சூழல் துறையின் வேலை அது கழிவானதும் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட கிடங்கு யாருடைய எல்லையிலும் வரவில்லை.

லித்தியம், கோபால்ட் இரண்டுக்கும் இந்தியா இறக்குமதியையே நம்பியிருக்கிறது. பேட்டரிக் கழிவுகளிலிருந்து அரிய கனிமங்களை மீட்கும் ஆலைகளுக்கு ஊக்கத்தொகையாக ரூ. 1,500 கோடி வழங்க மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. உற்பத்தியாளர்களையும் மறுசுழற்சி ஆலைகளையும் இணைக்கும் இணையப் பதிவு முறையை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கெனவே நடத்தி வருகிறது. திரும்பப் பெற்றவை எத்தனை, எந்த ஆலைக்கு என்று சென்றன, பேட்டரி அழிக்கப்பட்டதா என்பதைக் குறிக்க அதில் தனியாக ஒரு கட்டம் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையமும் வாரியமும் பேசி முடிவெடுத்தால் போதும்.