முதல் சர்வர் படுத்துவிட்டால்

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியிருந்தது. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, விழுப்புரம் - திண்டிவனம் தடம் மூடப்பட்டது. சில ரயில்கள் ரத்தாயின. சில காட்பாடி வழியாகத் திருப்பிவிடப்பட்டன.

மின்னஞ்சலுக்கும் மாற்றுப்பாதை உண்டு. ஆனால் அதை மழைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். 1986-லிருந்து அந்த வேலையைச் செய்வது டொமைன் அமைப்பில் இருக்கும் எம்எக்ஸ் பதிவு. உதாரணமாக, திண்டிவனம் அலுவலக சர்வருக்கு 10, சென்னையில் இருக்கும் மாற்று சர்வருக்கு 20 என்று எண் கொடுப்பார்கள். சின்ன எண்ணுக்குத்தான் முன்னுரிமை. இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு முழிப்பவர்கள் ஏராளம்.

அனுப்பும் சர்வர் முதலில் 10-ஐத் தேடும். பதில் இல்லையென்றால் 20-க்குப் போகும். 20 அஞ்சலை வாங்கி வைத்திருந்து, 10 எழுந்ததும் ஒப்படைக்கும். ஆனால் 10 விழித்திருந்து, '550, அப்படி ஒரு முகவரியே இல்லை' என்று சொல்லிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. 20-இடம் மேல்முறையீடு கிடையாது.

வில்லங்கம் 20-இல்தான். பலர் அதற்கு ஊழியர்களின் முகவரிப் பட்டியலைக் கொடுப்பதில்லை; ஸ்பேம் வடிகட்டியும் போடுவதில்லை. ஸ்பேம் அனுப்புவோருக்கு இது தெரியும். 10 நன்றாக ஓடும்போதே நேராக 20-க்கு வருவார்கள். அது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், 10 மறுக்கும், அனுப்புநர் முகவரி போலி என்பதால், திருப்பி அனுப்பும் அஞ்சலோ சம்பந்தமே இல்லாத ஒருவர் பெட்டியில் போய் விழும். கொஞ்ச நாளில் உங்கள் சர்வரே கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

அப்படியானால் 20 தேவைதானா? சின்ன அலுவலகத்துக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்பேன். அனுப்பும் சர்வர் குறைந்தது நான்கைந்து நாள் விடாமல் முயல வேண்டும் என்பது இணைய அஞ்சல் விதி. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருள் இயல்பாகவே 5 நாள் முயலும். ஒருநாள் மின்வெட்டில் அஞ்சல் தொலையாது, தாமதமாகும், அவ்வளவுதான். 20 வாங்கி வைப்பதையும் 10 எழும்வரை யாரும் படிக்க முடியாதே! ஒரே கட்டடத்தில், ஒரே ஃபைபர் இணைப்பில் இரண்டையும் வைப்பது கண்துடைப்பு.

வேண்டும் என்பவர்கள், ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை 10-ஐ நிறுத்திவிட்டு வெளியிலிருந்து இரண்டு அஞ்சல் அனுப்பிப் பாருங்கள்: ஒன்று இருக்கும் முகவரிக்கு, இன்னொன்று இல்லாத முகவரிக்கு. முதலாவது 20-இன் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டாவதை 20 வாங்கவே கூடாது.