இருளில் எத்தனை மணி நேரம்?

1926ஆம் ஆண்டு, மே மாதத் தொடக்கத்தில் ஓரிரவு. கார்வால் மலைநாட்டில் ருத்ரபிரயாகைக்கு அருகே கோலாப்ராய் என்னும் இடத்தில், யாத்திரிகர் செல்லும் பாதையை ஒட்டிய மாமரத்தின்மேல் பரண் கட்டி ஜிம் கார்பெட் காத்திருந்தார். கீழே கழுத்தில் மணியுடன் ஓர் ஆடு கட்டப்பட்டிருந்தது. எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கில் பதிவாகியிருந்த ஆட்கொல்லிச் சிறுத்தைக்கான காத்திருப்பு அது. ஆட்டின் மணி திடீரென ஒலித்தது. துப்பாக்கியில் பொருத்தியிருந்த டார்ச் விளக்கின் பொத்தானை அவர் அழுத்தினார். மங்கலாக ஒருமுறை ஒளிர்ந்து விளக்கு அணைந்துபோயிற்று. அந்த ஒரு கணத்தில் தெரிந்த சிறுத்தையை நோக்கி அவர் சுட்டுவிட்டார்; ஆனால் குண்டு பட்டதா இல்லையா என்பது தெரியாமல் எஞ்சிய இரவை மரத்தின்மேலேயே கழிக்க நேர்ந்தது.

சிறுத்தை இறந்து கிடந்தது விடிந்த பிறகுதான் தெரிந்தது. பின்னாளில் எழுதிய நூலில் கார்பெட் தம் பிழையை மறைக்கவில்லை. அதுவே அவர் வைத்திருந்த முதல் டார்ச். பல மாதங்கள் சுமந்து திரிந்தும் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. மின்கலம் எவ்வளவு நேரம் உழைக்கும் என்பதும், அதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வேட்டையின் காலம் போய்விட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டுயிர்களை வேட்டையாடுவது இன்று தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் அதே கார்வால் மலைகளுக்கு இன்று விளக்கோடு செல்பவர்கள் ஏராளம். உத்தரகாசி மாவட்டத்தின் சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்கந்தா சிகரத்துக்கு ஏறுவோர், உச்சியில் சூரிய உதயத்தைக் காண்பதற்காகப் பின்னிரவிலேயே கூடாரத்தை விட்டுப் புறப்படுகின்றனர். பனிமூடிய பாதையில் மூன்று நான்கு மணி நேரம் இருளிலேயே நடக்க வேண்டும். அத்தகைய பயணத்துக்கு விளக்கு வாங்கக் கடைக்கோ இணையச் சந்தைக்கோ செல்பவர் முதலில் எதிர்கொள்வது லூமன் என்னும் சொல்லைத்தான். ஆயிரம் லூமன், பத்தாயிரம் லூமன், ஒரு லட்சம் லூமன் என்று அட்டைப்பெட்டிகள் போட்டி போடுகின்றன.

இந்த எண்களைச் சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் பழக்கமான கூட்டல் கழித்தலே போதும். மின்கலத்தில் உள்ள ஆற்றல் இருப்பு. ஒளி அதிலிருந்து எடுக்கும் பணம். இன்றைய நல்ல டார்ச் விளக்குகள் பலவற்றில் 18650 என்னும் லிதியம் அயனி மின்கலம் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதால் அதற்கு அந்தப் பெயர். தரமான ஒன்றின் கொள்ளளவு அதிகபட்சம் 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவில் இருக்கும். அதன் மின்னழுத்தமான 3.6 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 12.6 வாட் மணி கிடைக்கும். எல்.இ.டி. விளக்கு, வில்லை, மின்சுற்று ஆகியவற்றின் இழப்புகள் போக, ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் என்று கொள்ளலாம். ஆக, 1,000 லூமன் ஒளிக்கு 10 வாட் தேவை. அந்த மின்கலம் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 200 லூமனில் எரித்தால் ஆறு மணி நேரம் நிற்கும். 50 லூமன் போதுமென்றால் ஒரு நாள் முழுவதும் எரியும்.

இதே கணக்கை ஒரு லட்சம் லூமன் விளக்குக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் வாட் வேண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம் அது. மேற்சொன்ன மின்கலம் ஒன்று அதற்கு 45 விநாடி ஈடுகொடுக்கும், அதற்குள் உருகிப்போகாமல் இருந்தால்! 18650 மின்கலத்தின் மேலுறையில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்பதும் இத்தகைய பொய்யே. அந்த அளவு கொண்ட உருளைக்குள் அவ்வளவு ஆற்றலை அடைக்கும் வித்தை இன்னும் யாருக்கும் கைவரவில்லை. அதைவிடப் பருமனான 21700 மின்கலத்தாலும் அந்த எண்ணை எட்ட முடியவில்லை.

நேர்மையான நிறுவனங்களின் அட்டையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கைவிளக்குகளை அளவிட அமெரிக்காவில் 2009இல் வகுக்கப்பட்ட எஃப்.எல். 1 என்னும் தரநிலையைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி, விளக்கை ஏற்றிய 30 விநாடிகளுக்குப் பிறகு ஒளி அளக்கப்படுகிறது. அந்த ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம் முழுவதும் ‘எரியும் நேரம்’ என்று கணக்கிடப்படுகிறது. ‘1,000 லூமன், மூன்று மணி நேரம்’ என்று எழுதியிருந்தால், மூன்று மணி நேரமும் ஆயிரம் லூமன் கிடைக்கும் என்று பொருளல்ல. முதல் சில நிமிடங்கள் ஆயிரம். விளக்கின் உடல் சூடேறியதும் உள்ளிருக்கும் மின்சுற்று தானாகவே அதை முந்நூறு நானூறுக்கு இறக்கிவிடும். பிறகு மெல்லத் தேய்ந்து நூறில் வந்து நிற்கும். இது ஏமாற்று அன்று. எல்.இ.டி. பெறும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. உள்ளங்கையளவு உலோகம் அதைத் தாங்காது. எனவே அட்டையின் பெரிய எழுத்தைக் காட்டிலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் உள்ள நேர வரைபடத்தைப் பாருங்கள். இடைநிலை ஒளியில் எத்தனை மணி நேரம் சீராக எரிகிறது என்பதே மலையில் உங்களுக்கு வேண்டிய எண். அந்த வரைபடத்தை வெளியிடாத நிறுவனத்தின் விளக்கை நான் வாங்கமாட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, எவ்வளவு ஒளிதான் உண்மையில் தேவை என்ற கேள்வி எழும். பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும் இரண்டு மின்கலப் பித்தளை டார்ச்சின் குண்டு பல்பு 20 லூமன் அளவே தந்தது. அதை வைத்துக்கொண்டுதான் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தார்கள். நம் கண்ணின் இயல்பும் இதற்குத் துணை. ஒளி நான்கு மடங்கானால்தான் இரண்டு மடங்கு பிரகாசமாக அது உணரும். ஆகவே 250 லூமனுக்கும் 1,000 லூமனுக்கும் கண் காணும் வேறுபாடு இரட்டிப்பு மட்டுமே; மின்கலத்துக்கோ அது நான்கு மடங்குச் செலவு. பனிப்பாதையில் நடக்க 100 முதல் 200 லூமன் தாராளம். வெண்பனி ஒளியைத் திருப்பி அடிப்பதால், அதற்கு மேற்பட்ட வெளிச்சம் கண்ணைக் கூசவே செய்யும்.

தொலைவில் உள்ளதைப் பார்க்க வேண்டுமெனில் லூமன் உதவாது. ஒளிக்கற்றையின் செறிவைக் குறிக்கும் கேண்டெலாவைப் பார்க்க வேண்டும். 10,000 கேண்டெலா விளக்கு 200 மீட்டர் எட்டும் என்பது தரநிலைக் கணக்கு. ஆனால் அந்த 200ஆவது மீட்டரில் விழுவது முழுநிலவின் ஒளியளவே. அங்கே நிற்பது பாறையா காட்டெருமையா என்று தெளிய, அதில் பாதித் தொலைவே நம்பத்தக்கது. கூடாரம் அடிக்கும் குடும்பத்தாருக்கு, கூர்மையான ஊசிக்கற்றையைவிட அகலப் பரவும் ஒளியே பயன்படும்.

நெற்றியில் கட்டும் விளக்கு வேண்டுமா, கையில் பிடிப்பதா? இரண்டும் வேண்டும் என்பது அனுபவசாலிகளின் பதில். கூடாரக் கயிற்றைக் கட்டவும் சமைக்கவும் நெற்றி விளக்குக்கு நிகரில்லை. மூடுபனியிலோ அதே விளக்கு கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரையை விரித்துவிடும். நீர்த்துளிகளில் பட்ட ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்புவதுதான் காரணம். கைவிளக்கை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் திரை விலகும். தாழ்வாக விழும் ஒளியில் கல்லும் பள்ளமும் நிழல் எறிவதால் காலடி தெளிவாகத் தெரியும்.

குளிர் மின்கலத்தின் எதிரி. உறைநிலைக்குக் கீழே லிதியம் அயனி மின்கலத்தின் கொள்ளளவு வெகுவாகக் குறைகிறது; மாலையில் நிறைந்திருந்தது பின்னிரவில் பாதியாகத் தெரியும். எனவே இரவில் விளக்கை உறக்கப் பைக்குள்ளும், நடக்கையில் மாற்று மின்கலத்தை உள்சட்டைப் பையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். உறைந்த மின்கலத்தை உடனே பவர் பேங்கில் இணைப்பது கூடாது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே மின்னேற்றினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து மின்கலம் நிரந்தரமாகக் கெடும். பிறகு ஆபத்தாகவும் மாறலாம். சாதாரண ஆல்கலைன் மின்கலங்கள் குளிரில் இன்னும் மோசம். நாளடைவில் கசிந்து விளக்கையும் அரிக்கும். பென்சில் மின்கல அளவில் கிடைக்கும், மின்னேற்ற முடியாத லிதியம் வகை கடுங்குளிரிலும் உழைக்கும். அவசரத்துக்கென ஒரு சிறு விளக்கை அவ்வகை மின்கலத்துடன் பையின் அடியில் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு.

மின்கலத்தை எடைக்கு விற்கும் இடத்தில் வாங்காதீர்கள். பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுத்துப் புதிய உறை மாட்டியவையும் சந்தையில் உலவுகின்றன. ஐ.எஸ். 16046 என்னும் இந்தியத் தரநிலையின்படி பதிவு பெற்றதற்கான குறி இருக்கிறதா என்று பாருங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாற்று மின்கலத்தைச் சில்லறையோடும் சாவியோடும் ஒரே பையில் போடாமல் பிளாஸ்டிக் சிமிழில் வைக்க வேண்டும். டேராடூனுக்கு விமானத்தில் செல்வோர் அதைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் தனி லிதியம் மின்கலங்களுக்கு அனுமதியில்லை. விளக்கு பைக்குள் தானே எரிந்து தீராமலிருக்க, பெரும்பாலானவற்றில் வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே போதும்.

மழைக்கு ஐ.பி.எக்ஸ். 4 தாங்கும், ஓடையில் தவறி விழக்கூடும் என்றால் ஐ.பி.எக்ஸ். 7 வேண்டும், அதாவது ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம். கூடாரத்துக்குள் மங்கிய சிவப்பு ஒளி தரும் வசதி இருந்தால் நலம். இருளுக்குப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் வரை ஆகும். வெள்ளொளி அதை ஒரு நொடியில் குலைத்துவிடும்.

வழிதவறியவர் உதவி கேட்கும் முறையையும் வீட்டார் அனைவரும் தெரிந்துகொள்ளட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளியைக் காட்டி, அடுத்த ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஆறு முறை காட்ட வேண்டும். நிமிடத்துக்கு மூன்று முறை ஒளி திரும்பி வந்தால் யாரோ கண்டுவிட்டார்கள் என்று பொருள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, மின்கலத்தை முழுமையாக மின்னேற்றி, நீங்கள் நடக்கப்போகும் ஒளியளவில் விளக்கை மொட்டை மாடியில் எரியவிடுங்கள். ஏற்றிய நேரத்தையும் மங்கத் தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொண்டு, அந்த மணிக்கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதி விளக்கின் உடலிலேயே ஒட்டிவிடலாம்.