எண்ணிக்கையும் மதிப்பும்: ஆய்விதழ்களின் அளவுகோல் பற்றி

அறிவியல் ஆய்விதழின் தரத்தை அறிய இன்று பெரிதும் கையாளப்படுவது ‘தாக்கக் காரணி’ என்னும் எண்ணாகும். அமெரிக்க அறிஞர் யூஜீன் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிடத் தொடங்கிய மேற்கோள் அட்டவணையின் வழிவந்தது இது. இதழ்களைத் தெரிந்தெடுக்க நூலகங்களுக்கு உதவிய இக்கருவி, நாளடைவில் ஆசிரியரின் பதவி உயர்வையும் ஆய்வு நிதியையும் நிறுக்கும் துலாக்கோலாயிற்று. ஆதலின் அதன் கணக்கை நாம் அறிதல் நலம்.

முந்திய இரண்டாண்டுகளில் ஓர் இதழில் வெளிவந்தவை இவ்வாண்டில் பெற்ற மேற்கோள்களே இக்கணக்கின் தொகுதி. அவ்விரண்டாண்டுகளில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள், தொகுப்புரைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையே பகுதி. தலையங்கங்களும் கடிதங்களும் பொதுவாகப் பகுதியில் சேர்வதில்லை. அவை பெறும் மேற்கோள்களோ தொகுதியில் சேர்கின்றன. ஓர் இதழ் 100 கட்டுரைகளையும் 50 கடிதங்களையும் வெளியிட்டதென்று கொள்வோம். கட்டுரைகளுக்கு 250, கடிதங்களுக்கு 50 மேற்கோள்கள் கிடைப்பின், 300-ஐ 100-ஆல் வகுத்து 3 என்பர். அனைத்தையும் எண்ணி வகுத்தால் 2 மட்டுமே வரும்.

மேலும், பலருடைய முடிவுகளை ஒருங்கே தரும் தொகுப்புரைகள் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும். தனியொரு நோயாளியைப் பற்றிய அறிக்கைகள் அவ்வளவாகக் காட்டப்படுவதில்லை. எனவே எண்ணை உயர்த்த விரும்பும் பதிப்பாசிரியர் முன்னவற்றை நாடிப் பின்னவற்றைத் தவிர்க்க ஏதுவாகிறது. எனினும் 1961-இல் தாலிடோமைட் மருந்தால் சிசுக்களுக்கு நேர்ந்த ஊனத்தைக் குறித்து ‘லான்செட்’ இதழில் எச்சரித்தது, மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு எழுதிய சிறு கடிதமேயன்றோ!

நமது புதுவையை நோக்குவோம். 1823-இல் பிரெஞ்சு அரசு நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலாகிய ஜிப்மர் இங்குள்ளது. 1955-இல் தோன்றிய பிரெஞ்சு நிறுவனமும் இங்கேயே உள்ளது; அதன் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. சுவடிகளை ஒப்புநோக்கிச் செம்பதிப்பு வெளியிடுவோரின் உழைப்பு பல்லாண்டுகளுக்குப் பின்னரே பயன் தருவது. இரண்டாண்டுக் கணக்கு அதனை எங்ஙனம் அளக்கும்?

ஆய்வாளரின் தகுதியை இதழின் எண்ணைக்கொண்டு தீர்மானிக்கலாகாதென 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ அறிக்கை வற்புறுத்துகிறது. இது இறையியலாருக்கும் பொருந்தும். காணிக்கைப் பெட்டியண்டை அமர்ந்திருந்த ஆண்டவர், ஏழை விதவையின் இரண்டு காசுகளைத் தொகையால் மதிக்கவில்லை (மாற். 12:41-44). எண்ணுதல் எளிது, வாசித்து மதிப்பிடுதலே கடினம். பிறருடைய உழைப்புக்குத் தீர்ப்பளிக்கும் இடத்தில் அமர்வோர், அக்கடினமான கடமையினின்று விலகலாகாது.