மரத்துப்போகும் ஊசி உண்டா என்று கேளுங்கள்

எண்ணூரில் பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் நாம் நோயைப் பற்றி எழுத வந்தது உறுப்பினர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நம் சங்கத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் அநேகம். கல்லாவை விட்டு எழ நேரமின்றிச் சிறுநீரை அடக்கிப் பழகியவர்கள் நாம். ராத்திரி நாலைந்து முறை எழுந்தாலும் "சர்க்கரையாக இருக்கும்" என்று விட்டுவிடுவோம். அது புராஸ்டேட் சுரப்பி வீக்கமாக இருக்கலாம். அந்தச் சுரப்பியில் வரும் புற்றுநோயோ, ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கும்.

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடினாலோ, மருத்துவர் விரலால் சோதிக்கையில் கட்டி தட்டுப்பட்டாலோ பயாப்சி செய்யச் சொல்வதுண்டு. மண்டியில் மூட்டையின் பல பக்கமும் குத்தூசி விட்டு அரிசி மாதிரி பார்க்கிறோமல்லவா, அதே வேலைதான். மலவாய் வழியாக ஸ்கேன் கருவியைச் செலுத்தி, ஸ்பிரிங் ஊசியால் பெரும்பாலும் 12 இடங்களில் நூல் போன்ற துணுக்குகளை எடுக்கிறார்கள். மூட்டைக்கு வலிக்காது, நமக்கு வலிக்கும்.

2012-இல் நமக்கு முதன்முறை எடுத்த இடத்தின் பெயர் வேண்டாம். "கொசுக்கடி மாதிரிதான்" என்று சொல்லி, மரக்க வைக்காமலே ஆரம்பித்தார்கள். 'டக்', 'டக்' என்ற ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. எட்டாவதில் போதும் என்று கத்திவிட்டோம். மீதியை எடுக்கவில்லை. எடுத்தவற்றில் குற்றமில்லை என்று அறிக்கை வந்தது.

சில ஆண்டு கழித்து பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியது. பொங்கல் சீசன், ஜி.எஸ்.டி. கணக்கு, மகள் வீட்டு விசேஷம் என்று பத்து மாதம் தள்ளினோம். உண்மையில் பயம்தான்.

பிறகு பார்த்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பல் பிடுங்கும்போது போடுகிறார்களே, அதே லிக்னோகெய்ன் மருந்துதான். 1943-இல் ஸ்வீடனில் கண்டுபிடித்தது. ஸ்கேனில் பார்த்தபடியே சுரப்பியின் இருபுறமும் நரம்பு வரும் இடத்தில் அதைச் செலுத்துகிறார்கள். இந்த முறையை மருத்துவ இதழில் எழுதியதே 1996-இல்தான். வெறும் ஜெல்லி தடவுவதைவிட இது வலியை நன்றாகக் குறைக்கிறது. ஆனால் கருவி நுழையும் சங்கடம் போகாது, அதையும் சொல்லிவிடுகிறோம். மருந்து போடும்போது சுருக்கென்றது. சில நிமிடம் கழித்து 12 துணுக்கும் எடுத்தார்கள், சத்தம்தான் கேட்டது.

ஆகவே முன்கூட்டியே "மரத்துப்போகும் ஊசி போடுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். சரக்குக்கு விலை கேட்கக் கூச்சப்படாத நாம் இதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்? ராயபுரத்துப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே இதற்கான யூராலஜி பிரிவு உண்டு. ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது. பல் ஊசி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சில நாள் சிறுநீரில் லேசாக ரத்தம் வரலாம். குளிர்க்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ, ராத்திரியானாலும் உடனே போக வேண்டும். திரும்பி வரும்போது எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வராதீர்கள், துணைக்கு ஆள் வேண்டும்.

நம் அறிக்கையில் 12-இல் 2 துணுக்குகளில் புற்றுநோய் இருந்தது. சுரப்பியைத் தாண்டவில்லை என்கிறார்கள். கதிர் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்த வாரங்களில் நாம் மத்தியானத்துக்கு மேல்தான் கடையில் இருப்போம். வசூலுக்கு வருகிறவர்கள் அதற்கேற்ப வரவும்.